இழுக்கும் என்று அச்சான விடை

அச்சகத்தில் எல்லாரும் அவளை விடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின் ஓட்டுகிறவர், காகிதம் வெட்டுகிறவர், பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் அவளுடைய சொந்தக் கணவர் உட்பட. பெண்டாட்டியை எவனாவது அக்கா என்று கூப்பிடுவானா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மனுஷன் முதலில் கேலிக்குத்தான் ஆரம்பித்தார். பிறகு நாக்கு பழகிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் எதற்குத்தான் பழகாது நாக்கு?

வேலை இதுதான்: இயற்பியல் கைடுகளுக்கு விடை எழுதுவது. பாடப் புத்தகத்தில் கேள்வி இருக்கும், கைடில் விடை இருக்கும், அந்த விடை இவள் கையால் எழுதியது. ஆனால் அட்டையில் போட்டிருப்பது ஒரு பேராசிரியரின் பெயர், பட்டங்களோடு இரண்டு வரி. சும்மா சொல்லக்கூடாது, பேராசிரியர் நல்ல மனிதர். வருஷத்துக்கு ஒருமுறை வருவார், முதல் பிரதியைத் தடவிப் பார்ப்பார், "பேப்பர் நல்லா இருக்கே" என்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டார்.

அச்சகம் அவள் கணவரின் அண்ணனுக்குச் சொந்தம். பெரியவர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். கீழே மெஷின், மேலே வீடு. மாடியில் முன்பாதி பெரியவர் குடும்பத்துக்கு, பின்பாதி இவளுக்கும் கணவருக்கும். வேலைக்குப் போவது என்றால் இருபத்திரண்டு படி இறங்க வேண்டும், வீடு திரும்புவது என்றால் அதே இருபத்திரண்டு படி ஏற வேண்டும். காய்ச்சல் என்று படுத்தாலும் மெஷின் ஓடுகிற அதிர்வு கட்டில் காலில் தெரியும். "எத்தனை பக்கம் ஆச்சு?" என்று கீழேயிருந்து குரல் வரும். கல்யாணமான புதிதில், "இந்த ஒரு சீசனுக்கு மட்டும் எழுதிக் குடும்மா, ஆள் கிடைக்கிறவரைக்கும்" என்றுதான் பெரியவர் கேட்டார். மேலே படிக்க வேண்டும் என்று விண்ணப்பப் படிவமெல்லாம் வாங்கி வைத்திருந்தவள், ஒரு சீசன்தானே என்று இறங்கி வந்து உட்கார்ந்தாள். ஆள் கிடைத்துவிட்டது. அது இவள்தான்.

விடையறை என்று பெயர் பெற்ற அந்த அறை, உண்மையில் காகித கோடவுனில் பலகை வைத்துத் தடுத்த ஒரு மூலை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு குழல்விளக்கு. ஜன்னல் கிடையாது. மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதன் இறக்கைகளுக்கு நடுவே தெரிகிற வெளிச்சத்தை வைத்து வெளியே வெயிலா மப்பா என்று கண்டுபிடிக்கலாம். சீசன் நெருங்க நெருங்க காகித ரீம்கள் வந்து சுவரோரம் ஏறும். மாதத்துக்கு ஓர் அடி வீதம் அறை சுருங்கும். "பிரபஞ்சம் விரியுதுன்னு நான் எழுதறேன், என் ரூம் மட்டும் உள்ளே வருது" என்று அவள் சொன்னால் பைண்டிங் பகுதியே சிரிக்கும்.

இந்தப் பிழைப்பில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் 'குழப்பும் கேள்விகள்' என்று ஒரு பகுதி உண்டு. அது பாடத்திட்டத்தில் கிடையாது, அவளே சேர்த்தது. ரயிலில் போகிறவனின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று நடைமேடையில் நிற்பவன் சொல்கிறான். ரயிலில் இருப்பவனோ, ஓடுவது நீதான், உன் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் எப்படிச் சரியாக இருக்கும்? இந்த மாதிரிக் கேள்விகள். புரூஃப் பார்க்கும்போது அவள் கணவர் இதைப் படித்துவிட்டு, "இதுல என்ன குழப்பம்? நம்ம வீட்டுல தினமும் நடக்கிறதுதானே" என்றார்.

பெரியவரின் மனைவிக்கு, அதாவது இவளுடைய ஓரகத்திக்கு, விரியும் பிரபஞ்சத்தைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம்தான். மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

"எல்லாமே விரியுதுங்கறியே, அப்ப என் இடுப்பு விரியறதுக்கும் அதுதான் காரணமா?"

"இல்லக்கா. ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிக்கிட்டிருக்கிறது எதுவும் விரியாது. அணு விரியாது, மேஜை விரியாது, பூமி விரியாது. ரொம்ப ரொம்பத் தள்ளி, பிடிமானமே இல்லாம இருக்கிற நட்சத்திரக் கூட்டங்கதான் விலகிப் போகும்."

"அப்ப இந்த வீடு விரியாதுங்கறே."

"இந்த வீட்டுக்கு வாய்ப்பே இல்ல."

ஓரகத்தி துணியை உதறியபடி சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஆனால் அன்று அதே பதிலைக் கைடில் எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.

இனி, அவள் செய்த தப்புக்கு வருவோம். அதைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது.

கைடு போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போட்டிக் கைடில் நல்ல கேள்வி இருந்தால் அதை அப்படியே எடுக்க மாட்டார்கள், மானம் போய்விடும். ஒரு வார்த்தையை மாற்றுவார்கள். எழுபது கிலோ என்றால் அறுபத்தைந்து, பேருந்து என்றால் லாரி. விடை மாறாது, கேள்விக்கு மட்டும் புதுச் சட்டை. அவளுடைய மூன்றாவது வருஷம், பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் நிரம்ப இன்னும் ஏழு வரி தேவைப்பட்டது. மெஷின் நின்றுகொண்டிருந்தது. பெரியவர் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். போட்டிக் கைடில் ஒரு கேள்வி: 'ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரண்டு இணைக் கம்பிகள் ஒன்றையொன்று இழுக்குமா, தள்ளுமா?' விடை, இழுக்கும். அவள் அவசரத்தில் கம்பிகளை எடுத்துவிட்டு, 'ஒரே திசையில் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் செல்லும் இரண்டு எலக்ட்ரான்கள்' என்று போட்டாள். விடையை அப்படியே விட்டுவிட்டாள். இழுக்கும். கேள்வி எண் நாற்பத்தேழு.

அது தப்பு. கம்பிக்குள் நேர்மின்னும் எதிர்மின்னும் சரிசமமாக இருப்பதால் தள்ளுகிற விசை ரத்தாகிவிடும், ஓட்டத்தால் வருகிற இழுப்பு மட்டும் மிஞ்சும். வெறும் எலக்ட்ரான்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓடும்போது கொஞ்சம் இழுப்பு சேரும், தள்ளுகிற விசை அதனால் சற்றுக் குறையும், அவ்வளவுதான். எவ்வளவு வேகமாகப் போனாலும் தள்ளத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொள்ள கணக்குகூட வேண்டாம். அந்த எலக்ட்ரான்களோடு கூடவே ஓடுகிறவனாகத் தன்னை நினைத்துக்கொண்டால் போதும்.

அவள் அப்படி நினைத்துப் பார்த்தது இரண்டு வருஷம் கழித்து, பஸ்ஸில். பக்கத்தில் இன்னொரு பஸ் அதே வேகத்தில் வந்தது. அதன் ஜன்னலில் ஒரு பெண் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பஸ்ஸும் நிற்பது போலவே இருந்தது. அப்படியென்றால் கூட ஓடுகிறவனுக்கு அந்த எலக்ட்ரான்களும் நிற்பவைதான் என்று அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி, நேராகப் பெரியவரிடம் போய்ச் சொன்னாள்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து நாலு போட்டிக் கைடுகளை எடுத்து மேஜைமேல் போட்டார். நாலிலும் அந்தக் கேள்வி இருந்தது. ஒன்றில் எலக்ட்ரான் புரோட்டான் ஆகியிருந்தது, இன்னொன்றில் வேகம் மாறியிருந்தது. விடை மட்டும் மாறவில்லை. எல்லாரும் இவளிடமிருந்து எடுத்துச் சட்டை மாற்றியிருந்தார்கள்.

"எல்லாரும் இழுக்கும்னுதான்மா போட்டிருக்காங்க. நாம மட்டும் தள்ளும்னு போட்டா, நம்ம புத்தகம்தான் தப்புன்னு கடைக்காரன் திருப்பி அனுப்புவான். பாக்கலாம், அடுத்த பதிப்புல."

அடுத்த பதிப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் புரூஃபில் அந்த வார்த்தையை அடித்துத் 'தள்ளும்' என்று எழுதுவாள், அச்சாகி வரும்போது 'இழுக்கும்' என்றே வரும். ஆறாவது பதிப்போடு அடிப்பதை நிறுத்திக்கொண்டாள். யார் உயிர் போகப் போகிறது, ஒரு கேள்வி, ஒரு மார்க் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி. முப்பத்தைந்து வயது முடியப் போகிறது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற மாதம் வந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. நிரந்தர வேலைக்கு ஒரே வழி, அரசுத் தேர்வு வாரியம் நடத்துகிற ஆய்வகப் பணியாளர் தேர்வு. முப்பத்தொரு இடம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத முடியாது. மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் ஒரு மார்க், இரண்டு மார்க்கில் போனது. இந்த வருஷம் கடைசி.

தேர்வு முடிந்து வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்ட அன்று அவன் போன் செய்தான். இத்தனை வருஷத்தில் அவன் குரலில் அப்படி ஒரு தெம்பை அவள் கேட்டதில்லை.

"அக்கா, கூட்டிப் பாத்துட்டேன். கூட எழுதினவங்க மார்க்கையும் விசாரிச்சுட்டேன். இருபத்தொன்பதாவது இல்லேன்னா முப்பதாவது ஆளா வருவேன். வந்துடும்கா இந்தத் தடவை."

"நெஜமாவா சொல்றே?"

"நெஜமாத்தான். விளிம்புலதான் நிக்கிறேன், ஆனா நிக்கிறேன்."

அவள் படியேறிப் போய் அடுப்படியில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

நாலு நாள் கழித்துப் பேராசிரியரிடமிருந்து ஒரு உறை வந்தது. மேலே 'வழக்கம்போல' என்று ஒரு வார்த்தை. வாரியத்தின் விடைக்குறிப்பை யாராவது ஆட்சேபித்தால், வாரியம் அதை நிபுணரிடம் அனுப்பும். பன்னிரண்டு புத்தகங்களின் அட்டையில் பெயர் இருப்பதால் பேராசிரியர் நிபுணர். அவர் அதை அச்சகத்துக்கு அனுப்புவார். விடையக்கா கருத்து எழுதுவாள், அவர் கையெழுத்துப் போடுவார். இதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. அதனால் அவள் சாதாரணமாகத்தான் பிரித்தாள்.

ஆட்சேபிக்கப்பட்ட வினா: ஒரே திசையில் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் செல்லும் இரண்டு எலக்ட்ரான்கள். வாரியத்தின் விடை: இழுக்கும்.

அவளுடைய கேள்வி. அவளுடைய வார்த்தைகள், அந்தப் 'பக்கத்தில் பக்கத்தில்' உட்பட. வாரியத்துக்காரர்களும் ஏதோ ஒரு கைடைப் புரட்டித்தான் வினாத்தாள் தயாரித்திருக்கிறார்கள்.

கூட ஒரு பக்கக் கடிதம். பெயர் இல்லை, தேர்வெண் மட்டும். எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. 'அந்த எலக்ட்ரான்களோடு கூடவே ஓடுகிறவருக்கு அவை நிற்கின்றன. நிற்கிற இரண்டு எலக்ட்ரான்கள் தள்ளிக்கொள்ளும். அவர் கண்ணுக்கு விலகிப் போகிற அதே இரண்டும், தரையில் நிற்கிற என் கண்ணுக்கு மட்டும் எப்படி மோதிக்கொள்ளும்? நேரமும் தூரமும் ஆளுக்கு ஆள் மாறலாம். மோதியதா இல்லையா என்பது மாறாது. ஆகவே சரியான விடை, தள்ளும். எல்லாக் கைடுகளிலும் இழுக்கும் என்றே இருக்கிறது. ஆதாரமாக இணைக்க என்னிடம் வேறு புத்தகம் இல்லை. யோசித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அதைப் படித்தபோது விடையக்காவுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆனந்தம். பத்தொன்பது வருஷமாக அவள் எழுதித் தள்ளுகிறாள், எவரும் ஒருதரம்கூடத் திருப்பிப் பேசியதில்லை. இதோ ஒரு ஆள் பேசியிருக்கிறது. எந்த ஊரோ, என்ன வேலையோ, ஆணோ பெண்ணோ, அந்த பஸ் ஜன்னலில் தானும் ஒருநாள் உட்கார்ந்திருந்த ஆள். மூன்று தடவை படித்தாள்.

நாலாவது தடவை படிக்கும்போதுதான் தம்பியின் ஞாபகம் வந்தது. உடனே போன் போட்டாள்.

"அந்த ரெண்டு எலக்ட்ரான் கேள்விக்கு நீ என்னடா எழுதினே?"

"இழுக்கும்னுதான். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள். விளிம்பில் நிற்கிறவனுக்கு ஒரு மார்க் போனால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரியவர் மத்தியானம் விடையறைக்கு வந்தார். அவள் சாப்பிடப் போனபோது மேஜைமேல் கிடந்த உறையை அவர் பார்த்திருந்தார். எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார், நேராகத்தான் பேசுவார்.

"நிராகரிக்கலாம்னு நாலு வரி எழுதிடும்மா."

"அந்த ஆள் எழுதியிருக்கிறது சரி, அத்தான். உங்களுக்கே தெரியும். நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னே. நான் இல்லேங்கலை. ஆனா பன்னிரண்டாவது பதிப்பு மெஷின்ல ஏறியிருக்கு. வாரியமே நம்ம விடை தப்புன்னு அறிவிச்சா, அந்த ஒரு பக்கத்தோட போகாது. மிச்சத்துல எத்தனை தப்போன்னு கேப்பான். கீழே இருபது பேர் வேலை பாக்கிறாங்க. உன் வீட்டுக்காரனும் அதுல ஒருத்தன்." கொஞ்சம் நிறுத்தினார். "உன் தம்பியும் இதைத்தானே எழுதியிருக்கான்?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"நான்தான் போன் பண்ணிக் கேட்டேன். சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன். அவன்கிட்டயும் பேசிக்கோ. நான் கெடுதல் சொல்றவனா? நீயே யோசி."

கெட்டவர் என்று திட்டவும் வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கூரையின் கீழ்தான் இருக்கிறாள். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மாதமும் தினம் போய்ப் பார்த்தது இந்த மனுஷன்தான். கத்துகிறவராக இருந்தால் எதிர்த்துக் கத்தலாம். தயவோடு நிற்கிறவரை என்ன செய்வது?

தம்பி நாலரை மணிக்கு வந்தான். உட்கார இரண்டாவது நாற்காலி இல்லாததால் ரீம் கட்டின்மேல் உட்கார்ந்தான். அவள் கடிதத்தை நீட்டினாள். அவன் படித்தான். படித்து முடித்தும் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"இது சரின்னு உனக்குத் தோணுதா?" என்றாள்.

"சரிதான்கா."

"இப்பத்தான் தெரியுதா?"

அவன் கடிதத்தை மடித்தான். "காலேஜ்ல ரெண்டாவது வருஷத்திலேயே தெரியும்."

"தெரிஞ்சும் இழுக்கும்னு எழுதினியா?"

"எல்லாக் கைடுலயும் இழுக்கும்னுதான் இருக்கு. வாரியம் கைடைப் பாத்துத்தான் கேக்கும், கைடைப் பாத்துத்தான் திருத்தும். தள்ளும்னு எழுதினா நான் சரியா இருப்பேன், வேலைதான் கிடைக்காது. போன தடவை அப்படித்தானே ஒரு மார்க் போச்சு. வேற ஒரு கேள்வியில."

"எங்கிட்ட ஏண்டா சொல்லலை? இத்தனை வருஷமா?"

"அட்டையில உன் பேர்கூட இல்ல. இருக்கிறது அந்த எழுத்து ஒண்ணுதான். அதுலயும் தப்பு இருக்குன்னு நான் எப்படிக்கா வந்து சொல்றது?"

ஊருக்கெல்லாம் தப்புச் சொல்லிக் கொடுத்தது போதாதென்று, சரியானது தெரிந்தவனையும் தப்பாக எழுத வைத்திருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"நான் என்ன எழுதட்டும்? நீயே சொல்லு."

எழுதாதே என்று அவன் கெஞ்சியிருந்தால் அவள் கேட்டிருப்பாள், சத்தியமாகக் கேட்டிருப்பாள். எழுது என்று சொல்லியிருந்தாலும் மனசு லேசாகியிருக்கும். அவன் இரண்டும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்கா" என்று எழுந்து போனான். வாசல்வரை போய்த் திரும்பி, "அந்த ஆளுக்கும் வயசு முடியறதோ என்னவோ" என்றான். அதோடு போய்விட்டான்.

இரண்டு நாள் அவள் எழுதவில்லை. நிராகரிக்கலாம் என்று நாலு வரி எழுதுவது அவளுக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. உலகத்தில் அந்த நாலு வரியைப் படித்தவர் நம்பும்படி எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எழுதிக்கூடப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. அவ்வளவு நன்றாக வந்ததைப் பார்த்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. கிழித்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை பெரியவர் காகித வியாபாரியைப் பார்க்கப் போயிருந்தார். பேராசிரியர் தானே ஆட்டோவில் வந்து இறங்கினார், அன்றுதான் கடைசித் தேதி. அவரை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, அவள் உள்ளே போய், நின்றபடியே எழுதினாள். ஆட்சேபம் சரியானது. கொடுக்கப்பட்டுள்ள விடை தவறு. இரண்டு எலக்ட்ரான்களும் தள்ளிக்கொள்ளும். காரணத்தை ஆட்சேபித்தவரே தெளிவாக எழுதியிருக்கிறார். நாலு வரிதான்.

"சார், ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று நீட்டினாள்.

"நீ எழுதினா சரியாத்தான்மா இருக்கும்" என்றார் அவர். மூக்குக்கண்ணாடியைக்கூட மாட்டாமல் கையெழுத்துப் போட்டார். நிராகரித்திருந்தாலும் அதே கையெழுத்துத்தான், அதே வேகம்தான். ஆட்டோ போன பிறகு அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. தம்பியின் வேலையைத் தன் கையால் பறித்துவிட்டோம் என்பது மட்டும்தான் வந்தது.

மூன்று வாரம் கழித்து வாரியத்தின் அறிவிப்பு. அதைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு வரவில்லை. 'புழக்கத்தில் உள்ள நூல்களும் நிபுணர் கருத்தும் வேறுபடுவதால், இவ்வினாவுக்கு விடையளித்த அனைவருக்கும் ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது.' இழுக்கும் என்றவனுக்கும் மார்க், தள்ளும் என்றவனுக்கும் மார்க், எதுவுமே ஆகாது என்றவனுக்கும் மார்க்.

தம்பியின் மார்க்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவன் நின்ற இடத்திலேயேதான் நின்றான். வேறு விடை எழுதியவர்கள்தான் ஒரு மார்க் கூடி மேலே வந்தார்கள். முப்பதாவது ஆள் முப்பத்துமூன்றாவது ஆள் ஆனான். இடம் முப்பத்தொன்று. அந்தக் கடிதம் எழுதிய ஆளின் தேர்வெண் பட்டியலில் இருக்கிறதா என்று அவள் மேலிருந்து கீழாக விரல் வைத்துத் தேடினாள். இல்லை.

கதை அதோடு நிற்கவில்லை. தேர்வான முப்பத்தொரு பேரை எங்கே போட்டார்கள்? ஒப்பந்த ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடங்களில்தான். அந்த மாதம் தம்பிக்குப் புதுப்பித்தல் கடிதம் வரவில்லை.

பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று அவள் நினைத்தாள். அவரோ சந்தோஷமாக இருந்தார். புத்தகம் தப்பு என்று யாரும் சொல்லவில்லையே.

"நீ என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியும்மா. போகட்டும் விடு" என்றார். "ரெண்டும் சரின்னு வாரியமே சொல்லிடுச்சு. அடுத்த பதிப்புல நாப்பத்தேழாவது கேள்விக்கு விடை, ரெண்டும் சரி. விளக்கம் ஒரு பத்து வரி எழுதிடு."

"அதை நான் எழுத மாட்டேன், அத்தான்."

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பெரியவர் முகம் சுளிக்கவில்லை.

"சரி, நீ எழுத வேண்டாம். உன் தம்பி வீட்டுல சும்மாதானே இருக்கான்? வரச் சொல்லு. எனக்கும் வேதியியலுக்கு ஒரு ஆள் வேணும். இந்த ஒரு சீசனுக்குப் பாக்கட்டும்."

அவள் வேண்டாம் என்று சொன்னாள். தம்பியிடம் தனியாகவும் சொன்னாள், காலில் விழாத குறையாக. "இங்கே வராதடா. வேற எங்கேயாவது போ. மூட்டை தூக்கினாலும் பரவாயில்ல." அவன் சிரித்து, "யாரு கூப்பிடறாங்க?" என்றான். அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வந்துவிட்டான்.

விடையறைக்குள் இரண்டாவது நாற்காலி வந்தது. சீசன் நேரம், சுவரோரமெல்லாம் ரீம்கள். போட வேறு இடமில்லாமல் அதைக் கதவோரம் போட்டார்கள். அவன் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, பெரியவர் கொடுத்த முதல் தாளை எடுத்தான். அரைமணி நேரத்தில் எழுதி அவள் பக்கம் நகர்த்தினான். பிழை பார்ப்பது இன்னும் அவள் வேலைதான்.

'எந்த ஒரு நிகழ்வும் காண்பவரின் நிலையைப் பொறுத்ததே என்பது சார்பியலின் அடிப்படை. உடன் செல்பவருக்கு எலக்ட்ரான்கள் தள்ளிக்கொள்வதாகவும், தரையில் நிற்பவருக்கு இழுத்துக்கொள்வதாகவும் தோன்றும். ஆகவே இரண்டு விடைகளும் சரியே.' பத்து வரி. ஒரு எழுத்துப்பிழை இல்லை. விஷயம் தெரியாத யாரும் நம்புவார்கள், தெரிந்தவர்களும் ஒரு நிமிஷம் தடுமாறுவார்கள். அவள் மூன்றாவது வருஷத்தில் எழுதியதைவிட நன்றாக எழுதியிருந்தான்.

"இது பொய்டா" என்றாள்.

"தெரியும்கா." அவன் தலை நிமிரவில்லை. "நாலு மணிக்குள்ள இன்னும் எட்டுப் பக்கம் வேணுமாம். பாத்துட்டுக் குடு."

அவளுக்கு அழுகை வந்தது, அதை அவன் பார்க்கக் கூடாது என்றும் இருந்தது. எழுந்து வெளியே போகலாம் என்றால் கதவை அடைத்துக்கொண்டு அவன் நாற்காலி.

"கொஞ்சம் நகருடா. நான் வெளியே போகணும்."

"ஒரு நிமிஷம்கா, இந்த வரியை முடிச்சிடறேன்" என்று அவன் எழுதிக்கொண்டே இருந்தான்.